வீட்டு மணி ஆறரை

அந்தமானில், போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பழுது ஒன்றும் இல்லை, வேண்டுமென்றே வைத்ததுதான். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துப் பதறி, "ஐயோ, டவுன் பஸ் போயிருக்குமே" என்று செருப்பைத் தேடுவார்கள். அவர்களை உட்காரவைத்து விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இப்போது யாராவது கேட்டால் எரிந்து விழுகிறேன். ஆனால் அதைத் திருத்தி வைக்கிறேன் என்று எவன் ஸ்டூலில் ஏறினாலும் கையை முறித்துவிடுவேன். இத்தனைக்கும் நாற்பது வருடம் அந்த ஒரு மணி நேரத்தோடு சண்டை போட்டவன் நான்தான்.

வீட்டில் மணியை முதலில் முன்னால் தள்ளியவர் அப்பா. அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர்கள். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, இந்தியாவுக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கம் கையெழுத்துப் போடுங்கள், இங்கேயே இருப்பவர்கள் அந்தப் பக்கம் போடுங்கள் என்று சொன்னபோது, எங்கள் வீட்டார் இந்தியாவுக்குப் போட்டார்கள். அம்மாவின் தங்கை வீட்டார், அதாவது என் சின்னம்மா குடும்பம், அங்கேயே இருப்பதற்குப் போட்டார்கள். இந்தியா என்று கப்பலேறி வந்த எங்களைக் கொண்டுபோய் விட்ட இடம் கட்சால். நிக்கோபாரில் ஒரு தீவு. அங்கேயும் சர்க்கார் ரப்பர் தோட்டம், அங்கேயும் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயம் வீடுகள், அங்கேயும் அதே பால்வெட்டுக் கத்தி.

பால் வெட்டுகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் மரத்தை முடித்துவிட வேண்டும். சூடு ஏறினால் பால் சொட்டுவது நின்றுவிடும். கட்சாலில் வந்து இறங்கிய முதல் வாரமே அப்பாவுக்கு ஆத்திரம் வந்ததாம். இலங்கையில் ஆறு மணிக்கு விடிந்த பொழுது இங்கே ஐந்து மணிக்கே விடிகிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. டெல்லிக்கும் கட்சாலுக்கும் ஒரே கடிகாரம் என்று எழுதிவைத்தவன் எவனும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தவன் இல்லை. "ஆறு மணிக்கு விடிய வேண்டிய பொழுது அஞ்சு மணிக்கு விடிஞ்சா கோளாறு பொழுதுலயா, கடியாரத்துலயா?" என்று கேட்டுவிட்டு, அப்பா அலாரம் கடிகாரத்தின் முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் திருகிவிட்டார். லயத்தில் பாதிப் பேர் அவரைப் பார்த்து அப்படியே செய்தார்கள். அதிலிருந்து எங்களுக்கு இரண்டு மணி. ஆபீஸ், பள்ளிக்கூடம், கப்பல் எல்லாம் சர்க்கார் மணி. வீட்டுக்குள் நடப்பதெல்லாம் வீட்டு மணி. வீட்டுக்குள் நின்று யார் நேரம் சொன்னாலும் அது வீட்டு மணிதான். வெளியே கேட்டு வந்த நேரத்தை ஒன்று கூட்டித்தான் வாசற்படி தாண்ட வேண்டும். இது எங்கள் சட்டம்.

எனக்கு அந்தச் சட்டம் சின்ன வயதிலேயே பிடிக்காது. எட்டு மணி என்று வீட்டில் பார்த்து ஓடுவேன். அது ஏழு மணி. பூட்டிய பள்ளிக்கூடத்தின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். பின்னால் வருகிற பெங்காலிப் பையன்கள், "அரே, இவன் ராத்திரி இங்கேயே படுத்துக்கிட்டானா?" என்று ஹிந்தியில் கேலி பண்ணுவார்கள். வீட்டுக்கு வந்து கடிகாரத்தைப் பின்னால் திருகுவேன். அம்மா முன்னால் திருகுவாள். முதுகில் ஒன்று வைப்பாள். மறுபடி திருகுவேன்.

சுனாமி அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா காலையில் மீன் வாங்க ஜெட்டிப் பக்கம் போனவர் திரும்பவில்லை. அம்மா மேட்டிலிருந்த தோட்டத்தில் விறகு பொறுக்கப் போயிருந்ததால் பிழைத்தாள். வீட்டில் ஒரு கரண்டி மிஞ்சவில்லை. நான் அப்போது வேலைக்காகப் போர்ட் பிளேரில் இருந்தேன். முகாமிலிருந்து அம்மாவைக் கூட்டிவந்து, கட்டின சேலையோடு வந்தவளுக்கு நாலு சாமான் வாங்கலாம் என்று ஜங்லிகாட் பஜாருக்கு அழைத்துப் போனேன். அவள் வாங்கச் சொன்ன முதல் பொருள் சுவர்க் கடிகாரம். கடைக்காரர் சரியான நேரம் வைத்து, பேட்டரி போட்டுக் கொடுத்தார். அம்மா அங்கேயே கடையில் நின்றபடி முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் திருகினாள். "பெஹன்ஜி, சரியாத்தான் இருக்கு" என்றார் அவர். அம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும், கொழும்பிலிருந்து சின்னம்மா போன் செய்தாள். அழுதாள். அழுகிற வாயோடு ஒன்று சொன்னாள். "அன்னைக்கே சொன்னேனே அக்கா, அத்தான் பேச்சைக் கேட்டு இந்தியாவுக்குக் கையெழுத்துப் போடாதேன்னு. கொண்டு போயி கடல்ல தள்ளிட்டாரே." அம்மா ரிசீவரை வைத்துவிட்டாள். அவ்வளவுதான். இருபது வருடம் அக்காளும் தங்கையும் பேசவில்லை. சின்னம்மா மகன், எனக்குத் தம்பி முறை, மெல்பர்னில் வேலை கிடைத்துப் போனான், தன் அம்மாவையும் கூட்டிப் போனான். ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்குப் போன் செய்வான். "பெரியம்மாட்ட குடுங்கண்ணே" என்பான். என் அம்மா அவனோடு நன்றாகப் பேசுவாள். "உங்கம்மா எப்படியிருக்கா" என்று மட்டும் கேட்க மாட்டாள். எங்கள் குடும்பத்தில் கோபம் என்பது சும்மா வந்துபோகிற விஷயம் இல்லை. வந்தால் குடியேறிவிடும்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஜங்லிகாட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுக் கப்பல்களோடும் அவர்கள் ஆபீஸ்களோடும் கடிதப் போக்குவரத்து. ஒவ்வொருவன் ஒவ்வொரு நேரத்தில் எழுதுவான். அதையெல்லாம் நம் நேரத்துக்கு மாற்றுவது என் வேலை. மேஜைக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். துபாய் ஒன்றரை மணி பின்னால். ரங்கூன் சரியாக ஒரு மணி முன்னால். அதாவது அம்மாவின் கடிகாரமும் பர்மாக்காரன் கடிகாரமும் ஒன்று. இதைச் சொல்லி அம்மாவை எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன்! "ரங்கூன் மகாராணி, சாப்பாடு போடுறீங்களா?" என்பேன்.

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அந்தத் தாளில் இரண்டிரண்டு எண் எழுதியிருப்பேன். ஏனென்றால் அந்த ஊர்க்காரர்கள் வெயில் காலம் வந்தால் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், குளிர் வந்தால் பின்னால் இழுப்பார்கள். வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிறார்களாம். லண்டன் குளிரில் ஐந்தரை மணி வித்தியாசம், வெயிலில் நாலரை மணி. இது தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். எதிர்வீட்டு மலையாளி வீட்டுப் பெண்ணுக்கு மார்ச் மாதக் கடைசியில் லண்டன் ஆஸ்பத்திரியிலிருந்து ஆன்லைன் இன்டர்வியூ வந்தபோது, "ஒரு மணி நேரம் முன்னாலேயே உட்காரு, அவன் மணியைத் தள்ளிட்டான்" என்று சொல்லிக் காப்பாற்றியவன் நான். அவர்கள் வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறைய உண்ணியப்பம் வந்தது. அதிலிருந்து வெளிநாட்டு நேரம் என்றால் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன்.

மெல்பர்னுக்கு அந்தத் தாளில் ஒரே ஒரு எண் எழுதியிருந்தேன். நாலரை மணி முன்னால். நல்ல மழையில், ஜூலையில், ஏதோ ஒரு கப்பலுக்காக எழுதியது. அதே தாளில் லண்டனுக்கு இரண்டு எழுதியவனுக்கு இதற்கும் இரண்டு இருக்குமோ என்று ஒரு நொடி தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. வெயில் கொளுத்துகிற நாடு, அவன் எதற்கு வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கப் போகிறான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

போன வருடம் செப்டம்பர் முடிகிற சமயம் தம்பி போன் செய்தான். குரல் சரியில்லை. "அண்ணே, அம்மாவுக்கு மறதி கூடிப்போச்சு. வயசானவங்களைப் பார்த்துக்கிற இல்லத்துல விட்டிருக்கேன். பேரைக்கூட மாத்திச் சொல்றாங்க. ஆனா பெரியம்மாவை மட்டும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. 'அத்தானைப் பத்தி அப்படிப் பேசிட்டேன், அக்கா கோவமா இருக்கா'ன்னு சொல்றாங்க. டாக்டர் சொல்றாரு, இதுவும் கொஞ்ச நாள்தான், அப்புறம் இதுவும் போயிரும்னு." அந்த இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து வீடியோவில் பேசவைப்பார்களாம். ஒருவருக்கு இருபது நிமிடம்தான். அடுத்த ஆள் வரிசையில் நிற்பார். சின்னம்மாவுக்கு அடுத்த ஞாயிறு காலை பதினொரு மணி. அவனுக்கு அன்று ஷிப்ட், கூட இருக்க முடியாது. ஒரு லிங்க் அனுப்புகிறேன், அதைத் தொட்டால் போதும் என்றான். "உங்களுக்கு எத்தனை மணிண்ணே?" நான் தாளைக்கூடப் பார்க்கவில்லை. "ஆறரைடா" என்றேன்.

அம்மா பேசமாட்டாள் என்றுதான் நினைத்தேன். சமையலறை வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு அரிசி களைந்தாள். அப்புறம் என் மனைவியிடம் மட்டும் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். என் மனைவி அன்றைக்கே என்னிடம் சொன்னாள்.

"ஏங்க, அத்தை சொல்றாங்க, அந்தக் கையெழுத்து மாமா போட விரும்பலையாம். அத்தைதான் அடம்பிடிச்சுப் போட வெச்சாங்களாம். இருபது வருசமா செத்தவர் மேல பழி கெடக்குது, அவளுக்கு நெனப்பு இருக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிரணும்ங்கிறாங்க."

எனக்கே தெரியாத செய்தி அது. அம்மா அன்றே பீரோவிலிருந்து நல்ல சேலையை எடுத்து வைத்துவிட்டாள். எத்தனை மணிக்கு என்று கேட்டாள். "ஆறரை" என்றேன். வீட்டுக்குள் நின்று சொன்னேன். ஒன்றைக் கூட்டாமல் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கண் விழித்தபோது நல்ல வெளிச்சம். அக்டோபரில் இங்கே ஐந்து மணி தாண்டினாலே வெயில் ஜன்னலில் வந்துவிடும். அம்மா குளித்து, தலைசீவி, அந்தச் சேலையைக் கட்டி, கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு கையும். எதிரே ஸ்டூலில் என் போனைக்கூட நிமிர்த்திச் சாய்த்து வைத்திருந்தாள். சுவரில் வீட்டு மணி ஆறரை. என் கைக்கடிகாரத்தில் ஐந்தரை.

"வாடா, ஆறரையாச்சு. போட்டுக் குடு."

"அம்மா, அது உன் ரங்கூன் மணி. இன்னும் ஒரு மணி நேரம் கெடக்குது."

"நீதானே ஆறரைன்ன?"

"சர்க்கார் மணி ஆறரை!"

"வீட்டுக்குள்ள நின்னுதானே சொன்ன?"

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. தூக்கக் கலக்கம் வேறு. நாற்பது வருடத்து எரிச்சல் மொத்தமும் வாய்க்கு வந்துவிட்டது. "உலகத்துக்கே நேரம் சொல்றவன் நான். ஆஸ்திரேலியாக்காரன் உன் கடியாரத்தைப் பார்த்தா மணி வெச்சிருக்கான்? அப்பா ஏதோ கிறுக்குத்தனமா திருகி வெச்சாருன்னா அதையே புடிச்சுத் தொங்கிக்கிட்டு! போய்ப் படு போ. ஆறரைக்கு நானே எழுப்புறேன்."

அம்மா கோபப்படவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. கோபக்காரி அவள், அன்று கெஞ்சினாள்.

"சும்மா ஒருக்கா தொறந்து பாரேன்டா. இல்லைன்னா மூடிரலாம்."

"நேரம் ஆகாம தொறந்தா ஒண்ணும் வராது. சொன்னாக் கேளு."

போனை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். ஒரு விரலால் தொட்டிருந்தால் போதும். தொடவில்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விரலையும் சேர்த்துத் திட்டுகிறேன்.

சர்க்கார் மணி ஆறரைக்கு, கர்ம சிரத்தையாக, ஒரு நிமிடம் பிசகாமல் லிங்க்கைத் தொட்டேன். திரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்தார். தன் பேரப்பிள்ளைகள் என்று நினைத்து எங்களைப் பார்த்துக் கையசைத்தார். பின்னாலிருந்து ஒரு நர்ஸ் வந்து, உங்கள் நேரம் முடிந்துவிட்டது, இது வேறொருவருக்கு என்று சொல்லி மூடிவிட்டாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாது. "அவ எங்கடா? ஆள் மாறி வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தம்பிக்குப் போன் போட்டேன். எடுத்தவுடன் அவன்தான் கத்தினான்.

"எங்கண்ணே போனீங்க? பதினொரு மணிக்கு அம்மாவைக் கொண்டுவந்து ஒக்கார வெச்சிருக்காங்க. நர்ஸ் இப்பத்தான் சொன்னா. நிமிசத்துக்கு ஒருக்கா, 'அக்கா வந்துட்டாளா, அக்கா வந்துட்டாளா'ன்னு கேட்டுருக்காங்க. இருபது நிமிசமும் ஒக்காந்திருக்காங்க அண்ணே."

"பதினொண்ணுன்னா இப்பதானேடா?"

"இப்ப பன்னெண்டு!"

அப்போதுதான் சொன்னான். முந்தின ராத்திரி அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்களாம். அக்டோபர் முதல் ஞாயிறு. வருடா வருடம் நடப்பதாம். நமக்கு மழைக்காலம் முடிகிறபோது அவர்களுக்கு வெயில் காலம் தொடங்குகிறதாம். அவன் போன் செய்த அன்று நான் சொன்ன வித்தியாசம் சனிக்கிழமை வரைக்கும் சரி. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது நாலரை ஐந்தரையாகிவிட்டது. "போன்ல எல்லாம் தானா மாறிடும்ணே, அதனால நானும் சொல்லல்ல, எனக்கும் தோணல்ல" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எழுந்து போகும்போது அம்மா சொன்னாங்களாம், 'கையெழுத்தைப் பத்திப் பேசினேன்ல, அக்கா அதை மறக்கல்ல, அவ வரமாட்டா'ன்னு" என்றான்.

கணக்கு எனக்குப் புரியச் சில நிமிடங்கள் ஆயின. மெல்பர்ன் பதினொன்று என்பது அன்றைக்கு நமக்கு ஐந்தரை. ஐந்தரை என்பது வீட்டு மணி ஆறரை. நான் ஒரு தப்பு செய்திருந்தேன், ஒன்றைக் கூட்டாமல் வீட்டுக்குள் நேரம் சொன்னேன். அதற்கு மேல் இன்னொரு தப்பு, தாளில் ஒரே எண் எழுதியது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகி, அம்மா மிகச் சரியான நிமிடத்தில் போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அங்கே தங்கை உட்கார்ந்த அதே நிமிடத்தில். நடுவில் புகுந்து சரிசெய்கிறேன் என்று எழுப்பிவிட்டவன் நான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. முதலில் மெல்பர்ன்காரன் மேல் வந்தது. இவன் எவன் பொழுதை எடுத்துத் தள்ளுவதற்கு? ராவோடு ராவாக எல்லாரும் தூங்கும்போது ஒரு மணி நேரத்தைக் களவெடுத்துவிட்டு அதற்குச் சேமிப்பு என்று பேர்! அப்புறம் டெல்லிக்காரன் மேல் திரும்பியது. அவனவன் வருடத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை இஷ்டத்துக்கு ஆட்டுகிறான். இங்கே ஐந்து மணிக்கு வெயில் மண்டையைப் பிளக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து விளையாடுவதற்குள் இருட்டிவிடுகிறது, எங்களுக்கு ஒரு அரைமணி நேரம் முன்னால் தள்ளித் தர ஒருத்தனுக்கு மனசு வரவில்லை. வெளிச்சத்தை மிச்சம் பிடிப்பது என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டுச் செய்கிற காரியத்தை, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒரு பால்வெட்டுக்காரர் லயத்தில் உட்கார்ந்து ஒற்றை விரலால் செய்தார். அவரைத்தான் அன்று காலை கிறுக்கு என்று சொன்னேன். கடைசியில் என் கோபம் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்தது. வந்த பிறகு போகவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கவில்லை. அவள் திட்டுவாள், செருப்பை எடுப்பாள் என்று நின்றேன். சேலையை மாற்றிக்கொண்டு அடுப்பு வேலை பார்க்கப் போய்விட்டாள்.

திங்கள்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து நிமிர்ந்து பார்க்கிறேன், சுவர்க் கடிகாரமும் என் கைக்கடிகாரமும் ஒரே நேரம் காட்டுகின்றன.

"யாரு திருகினது?"

"நான்தான்" என்றாள் அம்மா. "நீதானே நாப்பது வருசமா கத்துற. உன் மணியே சரியா இருந்துட்டுப் போகட்டும்."

ஸ்டூலைப் போட்டு ஏறி முன்னால் திருகினேன். செவ்வாய்க்கிழமை காலை பார்த்தால் மறுபடி பின்னால் இருந்தது. புதன்கிழமை நான் முன்னால் வைத்தேன். வியாழக்கிழமை அவள் பின்னால் வைத்தாள். சின்ன வயதில் போட்ட அதே சண்டை, ஆனால் தலைகீழாக. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தக் கடியாரம் செத்துரும்" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு மறுபடி பதினொரு மணிக்கே நேரம் வாங்கித் தந்தான் தம்பி. நான் ஐந்து மணிக்கே எழுந்து மூன்று போனிலும் நேரம் பார்த்து, தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டு, ஐந்தரை அடிப்பதற்கு முன்பே லிங்க்கைத் தொட்டுக் காத்திருந்தேன். அம்மா கட்டியிருந்த பழைய சேலையோடு வந்து உட்கார்ந்தாள். திரையில் காலி நாற்காலிதான் தெரிந்தது. நர்ஸ், அவர் வரமாட்டேன் என்கிறார் என்று சொல்லிவிட்டு, டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்கே போனாள். கட்டிலில் சின்னம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வெள்ளை முடி மட்டும் தெரிந்தது.

அம்மா பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு இருபது வருடமும் ஒன்றாக ஏறிக்கொண்டது.

"அடியே! திரும்புடி இங்கிட்டு! பெரிய மவராணி, சொவரைப் பார்த்துப் படுத்திருக்கா!"

"யாரது?"

"யாரா? உன் அக்காடி."

"அவ வரமாட்டா" என்றாள் சின்னம்மா சுவரிடம். "ஒக்காந்து ஒக்காந்து பார்த்தேன். வரல்ல."

"வந்தேன்டி! குளிச்சு, சேலை கட்டி, ஆறரைக்கே வந்து ஒக்காந்திருந்தேன். இந்தா நிக்கிறானே என் மவன், உலகத்துக்கே நேரம் சொல்றவன், இவன்தான் என்னைப் போய்ப் படுன்னு தொரத்திவிட்டான். சரி, அது கெடக்கட்டும். கேளு. அந்தக் கையெழுத்து அவரு போடல்லடி. அவருக்கு வர இஷ்டமே இல்ல. நான்தான் இந்தியாவுக்கே போயிருவோம்னு ரெண்டு நாள் சோறு திங்காமக் கெடந்து போட வெச்சேன். நீ அவரைச் சொன்னப்ப எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரல்ல. பழி எனக்குத்தான். அவருக்கு இல்ல. கேக்குதா உனக்கு?"

அம்மா அழுதுகொண்டே கத்தினாள். சின்னம்மா மெல்லத் திரும்பினாள். அம்மாவின் அதே மூக்கு, அதே நெற்றி. திரையை உற்றுப் பார்த்தாள்.

"எந்தக் கையெழுத்து?"

"இந்தியாவுக்குப் போற கையெழுத்துடி."

"யாரு இந்தியாவுக்குப் போனது?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன். ஒரு வாரம்தான். போன ஞாயிறு அந்தக் கையெழுத்தைப் பற்றி அவளே பேசியிருக்கிறாள். ஒரே வாரத்தில் அத்தான், கப்பல், கையெழுத்து எல்லாம் அவளிடமிருந்து போய்விட்டன. ஆனால் ஒன்று மட்டும் போகவில்லை. அம்மாவை நன்றாகப் பார்த்துவிட்டு, அடிபட்ட பிள்ளை மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கேட்டாள்.

"நீ ஏன் அன்னைக்கு வரல்ல?"

இருபது நிமிடம் முடிகிற வரைக்கும் அதையேதான் கேட்டாள். நர்ஸ் மூடியதும் அம்மா எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நான் குடுத்த கோவம் அவளுக்கு மறந்துபோச்சு. நீ குடுத்தது மட்டும் நிக்குது" என்றாள். ஸ்டூலைப் போட்டேன். கடிகாரத்தைக் கழற்றி ஒரு மணி நேரம் முன்னால் வைத்து மாட்டினேன். இந்தத் தடவை அம்மா திருப்பி வைக்கவில்லை.

இப்போதும் ஞாயிறு தோறும் அழைக்கிறோம். ஏப்ரலில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் இழுத்தபோதும், அக்டோபரில் மறுபடி முன்னால் தள்ளியபோதும் நான் பிசகவில்லை, இரண்டு தடவையும் ஒரு மாதம் முன்பே தாளில் எழுதி ஒட்டிவிட்டேன். சின்னம்மாவுக்கு மகன் பேர் மறந்துவிட்டது. சோறு தின்றது மறந்துவிடுகிறது. அம்மா முகத்தைத் திரையில் பார்த்ததும் முதல் கேள்வி மட்டும் மாறுவதில்லை. அதற்குப் பதில் சொல்வது என் வேலை. அம்மாவின் தோளுக்கு மேலாகக் குனிந்து என் முகத்தைக் காட்டுகிறேன்.

"சின்னம்மா, அம்மா வந்தாங்க. சரியான நேரத்துக்கு வந்தாங்க. நான்தான் தொறக்கல்ல."

"அப்படியா?" என்று சின்னம்மா அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறாள். "அப்ப நீ வந்தியா?" என்று கேட்டுச் சமாதானமாகிறாள். அடுத்த ஞாயிறு வீட்டு மணி ஆறரைக்கு மறுபடியும் கேட்கிறாள்.